கிளாம்ப் மேல் ஒரு மஞ்சள் கோடு

சேரப்பணஞ்சேரி
10.7.2024, புதன் இரவு

அன்பு அக்காவுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். கார்தான் நன்றாக இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டாலே டார்ச்சை அணைத்துவிடுகிறேன். அப்பா சம்மதிக்காமலே நீ வானமாமலை மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு, நான் உன்னோடு போனில் பேசியதைக் கண்டுபிடித்தாரே, அன்றைக்குச் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "இன்னொருவாட்டி அவளாண்ட பேசுனது தெரிஞ்சுது, ஸ்கூலுக்கு முழுக்குப் போட்டுட்டு வூட்டோட கெட." சொன்னால் செய்வார். உனக்குத் தெரியும்.

நல்லவேளையாக மாரிசெல்வி அக்கா கிடைத்தார். அப்பா காலையில் படப்பை ஹாஸ்டலில் உங்கள் கம்பெனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு நம் ஊர் வழியாகத்தான் வருகிறார். கடைசியாக நான் ஏறி, மாரிசெல்வி அக்காவை ஒட்டி உட்கார்ந்து, ஸ்கூல் வாசலில் இறங்குகிறேன். அதற்குள் கடிதம் என் பையிலிருந்து அவர் பைக்குப் போய்விடும். அப்பா ஓட்டுகிற காரிலேயே அப்பாவுக்குத் தெரியாமல் நம் தபால் போகிறது. நினைத்தால் சிரிப்பு வருகிறது, உடனே பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

இப்போது அந்தக் காருக்குத்தான் ஆபத்து. இஞ்சினுக்குக் காற்று போகிற கறுப்பு டப்பா இருக்கிறது இல்லையா, அது விரிசல் விட்டுவிட்டது. அதிலிருந்து போகும் குழாயும் கிழிந்துவிட்டது. அப்பா துணியைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறார். மேம்பாலம் ஏறும்போது கறுப்பாகப் புகை அடிக்கிறது. மெக்கானிக் நயினார் மொத்தமாக மாற்றச் சொல்கிறார். அது இப்போது நம்மால் ஆகாது. கம்பெனிக்கு வண்டி பிடித்துத் தருகிற பலராமன் நேற்று எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் சொல்லிவிட்டார்: "கன்னியப்பா, அடுத்த மாசமும் இப்டி பொகையடிச்சுக்கினு வந்தா நான் வேற வண்டி போட்டுருவேன். அப்பால என்னக் கேக்காத."

கார் நின்றால் மாரிசெல்வி அக்கா வேறு வண்டியில் போய்விடுவார். அப்புறம் உனக்கும் எனக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது அக்கா.

கம்பெனியில் உன் லைனில் இந்த மாதிரிக் குழாய்களுக்குத்தானே கிளாம்ப் போடுகிறாய்? நாமே செய்ய முடியுமா?

நீ குக்கர் கைப்பிடித் திருகில் போட்ட மஞ்சள் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. கம்பெனிப் பழக்கத்தில் எதை இறுக்கினாலும் ஒரு கோடு இழுத்துவிடுவாயே. உன் போட்டோவைக் கழற்றிய அப்பா, குக்கரை ஒன்றும் சொல்லவில்லை.

உன் தங்கை
மதிவதனி


பிள்ளைப்பாக்கம்
13.7.2024

என் மதிக் குட்டிக்கு,

உன் கடிதத்தை கேன்டீனில் சாம்பார் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒரு மூலையில் கறை. மாமாவிடம் காட்டினேன். "ஒங்க அப்பா கார வச்சு ஒங்க அப்பாவயே ஏமாத்துதாளே, இவ பெரிய ஆளுட்டீ" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்துகொண்டே எழுதுகிறாய் என்பது எழுத்திலேயே தெரிகிறது. முடியாவிட்டால் எழுதாதே. நான் வருத்தப்படுவேன், கோபப்பட மாட்டேன்.

முதலில் அந்தத் துணியை அவிழ்க்கச் சொல். துணி கட்டினால் தூசி நிற்காது, காற்றுதான் நிற்கும். காற்று போதாமல் டீசல் முழுதாக எரியாது. அதுதான் கறுப்புப் புகை.

செய்யலாம். பெரிய வித்தை இல்லை. பழைய டப்பாவைத் தூக்கிவிட்டு, இரும்புக் கடையில் நல்ல நிலையில் கிடைக்கிற ஒரு பெரிய டப்பா, அதற்குப் பொருந்துகிற புது ஃபில்டர், அங்கிருந்து இஞ்சின் வாய் வரைக்கும் ஒரு குழாய். ஃபில்டரை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. அதில் ஓட்டை இருந்தால் ஒரகடம் ரோட்டுத் தூசி அத்தனையும் இஞ்சினுக்குள் போய் உட்காரும். குழாய் சேருமிடத்தில் எல்லாம் பட்டையைச் சுற்றித் திருகு கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். ஒரு முடி நுழைகிற இடைவெளிகூட இருக்கக் கூடாது.

யார் சொன்னது என்று அப்பா கேட்டால் பிசிக்ஸ் மிஸ் என்று சொல்லிவிடு. கடவுள் மன்னிப்பார்.

ஒன்று மட்டும் கவனம். கிளாம்ப் இறுக்கிய பிறகு மஞ்சள் கோடு போட்டுவிடாதே. உனக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருக்கிறது, எனக்குத் தெரியும். லைனில் அது, "நான் இறுக்கிவிட்டேன், திருகு நகர்ந்தால் கோடு உடையும்" என்பதற்கு அடையாளம். நம் வீட்டில் அது என் கையெழுத்து. அப்பா பார்த்தால் போதும்.

அம்மா முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறாளா? எனக்காக ஒரு வரி சொல்லி அனுப்பினால் அவளுக்கு என்ன குறைந்துவிடும்?

உன் அக்கா
அன்புக்கரசி


சேரப்பணஞ்சேரி
24.7.2024, புதன் இரவு

அன்பு அக்கா,

ஞாயிற்றுக்கிழமை செய்தோம். செவ்வாய்க்கிழமை கெட்டுவிட்டது. என் தப்புதான் என்று நினைக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. அப்பா ஒத்துக்கொண்டார். பிசிக்ஸ் மிஸ் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாடி, ஒங்க மிஸ்ஸு மெக்கானிக் ஷெட்டு வெச்சிக்கினு கீறாங்களா?" என்றார். பிறகு அவரே, "சரி, துணி கட்டி ஓட்றதுக்கு இது மேலு" என்று கிளம்பிவிட்டார். வண்டலூர் பக்கம் ஒரு இரும்புக் கடையில் டப்பா கிடைத்தது. மூடி கெட்டியாக மூடுகிறது. ஃபில்டர் புதிது. குழாய்க்குத்தான் ஒன்றும் அமையவில்லை. பக்கத்து மனையில் வீடு கட்டி மிச்சம் போட்டிருந்த பிவிசி குழாயும் எல்போவும் அளவாகப் பொருந்தின. "தண்ணி போற கொழாயில காத்து போவாதா?" என்றார் அப்பா. எனக்கும் சரியென்றுதான் பட்டது.

திங்கட்கிழமை கார் சிங்கம் மாதிரி போனது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேம்பாலம் ஏறவே மாட்டேன் என்றது. மாரிசெல்வி அக்கா பின்னாலிருந்து, "என்ன அண்ணாச்சி, தண்ணி லாரிக்காரன் நம்மள முந்திட்டுப் போயி டாட்டா காட்டுதான்?" என்று கேட்டாராம். "சும்மா குந்துமா, காரு மூச்சு வாங்கிக்கினு கீது" என்றாராம் அப்பா. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், சைலன்சர் தொடங்குகிற இரும்புக்குப் பக்கத்தில் போன பிவிசி குழாய் வெந்த கத்திரிக்காய் மாதிரி தொய்ந்து, உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. "ஒங்க மிஸ்ஸ இன்னொருவாட்டி கேட்டுக்கினு வா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் நம்பிவிட்டார் அக்கா. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நான் யோசித்தது இது. டப்பா காற்று இழுக்கிற மூக்கைக் கீழே பம்பருக்குப் பின்னால் கொண்டுபோனால் குளிர்ந்த காற்று வரும். சூட்டிலிருந்தும் தப்பிக்கும். சரிதானே?

மாதம் முடிய ஒரு வாரம்தான். பலராமன் தினமும் புகையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

அம்மாவிடம் நீ கேட்டதைச் சொன்னேன். அன்றைக்கே தைலம் தேய்த்தாள்.

மதிவதனி


பிள்ளைப்பாக்கம்
27.7.2024

மதிக் குட்டி,

தப்பு உன்னுடையது இல்லை. குழாய் சூட்டுக்கு ஒட்டிப் போகக் கூடாது என்று நான்தான் எழுதியிருக்க வேண்டும். லைனில் நாங்கள் குழாயைத்தான் பார்க்கிறோம். கார் எப்படி இருக்கும் என்று பார்ப்பதே இல்லை.

ஆனால் பம்பருக்குக் கீழே மட்டும் வேண்டாம்! நல்லவேளை, கேட்டாய். நம் ஊரில் ஒரு மழை பெய்தால் ரோடு எது ஏரி எது என்று தெரியாது. மூக்கு கீழே இருந்தால் கார் தண்ணீரைக் குடித்துவிடும். இஞ்சின் அதோடு சரி. மூக்கு மேலேயே இருக்கட்டும், ஹெட்லைட்டுக்குப் பின்னால், முன்பக்கம் பார்த்து. குழாயை சைலன்சர் பக்கம் விடாமல் மறுபக்கமாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். சுற்று அதிகமானாலும் பரவாயில்லை. பிவிசியைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே கம்பிச் சுருள் வைத்த ரப்பர் குழாய் கேட்டு வாங்குங்கள், அது சூட்டுக்குத் தொய்யாது. சூடு படாமல் இருக்க, இஞ்சினுக்கும் டப்பாவுக்கும் நடுவில் ஒரு தகரம் நிற்க வேண்டும். பரோட்டாக் கடை எண்ணெய் டின்னை வெட்டி நிமிர்த்தினால் போதும்.

வியாழக்கிழமை ஒரகடம் கூட்ரோட்டில் எங்கள் கம்பெனி பஸ் சிக்னலில் நின்றது. ஜன்னலுக்குக் கீழே பார்த்தால் நம் வெள்ளைக் கார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதோரம் இவ்வளவு நரை எப்போது வந்தது? தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். பச்சை விழுந்த பிறகுதான், கூப்பிட்டிருக்கலாமே என்று தோன்றியது. கூப்பிட்டிருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பாரா, கண்ணாடியை ஏற்றியிருப்பாரா? நீ பதில் எழுத வேண்டாம். எனக்கே தெரியாது.

கோடு வேண்டாம். மறக்காதே.

அன்பு அக்கா


சேரப்பணஞ்சேரி
4.8.2024, ஞாயிறு இரவு

அன்பு அக்கா,

முடிந்தது. புகை இல்லை! மேம்பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. நானும் அப்பாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

அம்மா அரிசி கொட்ட வைத்திருந்த எண்ணெய் டின்னைத்தான் வெட்டினோம். "என் டின்னு மேல கைய வெச்சா ரெண்டு பேருக்கும் ராத்திரி சோறு கெடையாது" என்று கத்தினாள். அப்பா கத்திரியைக் கீழே வைக்காமலே, "நாளைக்கு பலராமன் வண்டிய நிறுத்திட்டான்னா, டின்னுல கொட்றதுக்கு அரிசி ஏது?" என்றார். அதற்குப் பிறகு அம்மாவே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க, பழைய கதவு ரப்பரைச் சுற்றிலும் சொருகியதும் அவள்தான். குழாயை நீ சொன்ன மாதிரியே மறுபக்கமாகச் சுற்றினோம். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வருகிறது. அப்பா அதைக் கேட்பதற்காகவே தெருவில் நின்றபடி மிதித்து மிதித்துப் பார்த்தார்.

இப்போது திட்டு. நான் கோடு போட்டுவிட்டேன்.

பழக்கத்தில் போடவில்லை அக்கா. நன்றாக யோசித்துத்தான் போட்டேன். கிளாம்பை அப்பா இறுக்கினார், நான் டார்ச் பிடித்தேன். அவர் கை கழுவப் போனார். நான் பானெட்டுக்குள் பார்த்துக்கொண்டே நின்றேன். நாளைக்கு இதில் மூன்று வரிசையிலும் ஏழு பெண்கள் ஏறுவார்கள். மழையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், இந்தத் திருகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றால் யாருக்குத் தெரியும்? கோடு இருந்தால் பானெட்டைத் திறந்ததும் தெரிந்துவிடும். கோடு போடாமல் மூடினால் ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. போட்டால் அப்பாவை நினைத்துத் தூக்கம் வராது. எப்படியும் தூங்கப் போவதில்லை. கார் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தையல் டப்பாவில் உன் மஞ்சள் பெயின்ட் மார்க்கர் கிடந்தது. குலுக்கினால் உள்ளே இன்னும் குண்டு உருளுகிறது. காய்ந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பளிச்சென்று எழுதியது. திருகின் தலையிலிருந்து பட்டை மேல் நேராக, நீ போடுவது போலவே. எல்லாக் கிளாம்பிலும்.

அப்பா வந்து பானெட்டை மூடினார். குனிந்து பார்க்கவில்லை.

மதி


பிள்ளைப்பாக்கம்
7.8.2024

மதி,

ஏன் இப்படிச் செய்தாய்? நாளைக்கே மாரிசெல்வியிடம் பெட்ரோல் கொடுத்து அனுப்புகிறேன், பஞ்சில் தொட்டு அழித்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன். அப்புறம் உன் கடிதத்தை மறுபடி படித்தேன்.

அழிக்காதே.

நீ செய்ததுதான் சரி. என் லைனில் நான் இதைத்தான் செய்திருப்பேன். எனக்கு மட்டும் தெரிந்தால் போதாது, அடுத்து பானெட்டைத் திறக்கிறவனுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் கோடே. அடுத்து திறக்கிறவர் அப்பாவாக இருப்பதால் நான்தான் பயந்துவிட்டேன்.

ஸ்கூலை நிறுத்தினால் மாமாவும் நானும் நேராக வீட்டுக்கு வருவோம். உள்ளே விடாவிட்டால் தெருவில் நிற்போம். இதை பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நீ தைரியமாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கொஞ்ச நாள் எழுதாதே.

அக்கா


சேரப்பணஞ்சேரி
17.8.2024, சனி

அன்பு அக்கா,

கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு, மேஜை மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து நேராக இருக்கிறதா?

வரிசையாகச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் கார் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா ஆயில் பார்க்க பானெட்டைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். ஆயில் கம்பி கையில் இருக்கிறது, துடைக்கவும் இல்லை, திரும்ப விடவும் இல்லை. நான் பக்கெட்டைக் கீழே வைத்தேன்.

"இது யாரு போட்டது?"

"நான்."

"யாரு போடச் சொன்னது?"

பிசிக்ஸ் மிஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் உண்மை வந்துவிட்டது. "யாரும் போடச் சொல்லலப்பா. போடாதன்னுதான் சொன்னா."

அவ்வளவுதான். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆயில் கம்பியைத் துடைத்தார், விட்டார், பானெட்டை மெதுவாக மூடினார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் கோடு போட்டதும் அன்றைக்கே அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை யூனிபார்ம் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். கார் வந்தது. நிற்காமல் போய்விடும் என்று நினைத்தேன். நின்றது. ஏறினேன். வாரம் முழுக்க அப்படித்தான். என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சுதந்திர தினத்துக்கு ஸ்கூலில் கொடுத்த மிட்டாயை நீட்டினேன். வாங்கி டேஷ்போர்டில் வைத்தார், தின்னவில்லை. மாரிசெல்வி அக்காவுக்கு விஷயம் தெரியாது. "அண்ணாச்சி, காரு சரியாயிட்டு, நீங்க எப்ப சரியாவீய?" என்று கேட்டுவைத்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். அப்பா கண்ணாடியில் அவரையும் என்னையும் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பலராமன் கார் பின்னால் நின்று புகையைப் பார்த்துவிட்டு, "எந்த ஷெட்டுல பாத்த கன்னியப்பா?" என்று கேட்டாராம். அப்பா, "ஷெட்டு இல்ல. எங்க வூட்டுப் பொண்ணுங்க செஞ்சது" என்றாராம். மாரிசெல்வி அக்கா இன்று காலையில் என் காதில் சொன்னார். அவரே சொன்னாரா, பொண்ணு என்றாரா பொண்ணுங்க என்றாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "ஏட்டி, எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்" என்று தலையில் குட்டினார்.

இன்றைக்குச் சாயங்காலம் அப்பா பானெட்டைத் திறந்துகொண்டு கூப்பிட்டார்.

"ஏய், இங்க வா. இத்தப் பாரு."

குழாய் இஞ்சினோடு சேருகிற இடத்தில் கோடு உடைந்திருந்தது. திருகின் மேல் இருக்கிற பாதியும் பட்டை மேல் இருக்கிற பாதியும் நேராக இல்லை, ஒரு நூல் அளவு தள்ளி நின்றன.

"நவுந்துகீதா?"

"ஆமாம்ப்பா."

"நவுந்தா இன்னா பண்ணணும்?"

"தெரியாதுப்பா."

கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"எய்தி கேளு."

நான் அவரையே பார்த்தேன்.

"இன்னாடி மொறைக்கிற? தெரிஞ்சவங்களாண்டதான கேக்கணும்? எய்தி கேளு."

அதனால் கேட்கிறேன் அக்கா. கோடு நகர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? திங்கட்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது என்று அப்பா சொல்கிறார். வழக்கம்போல மாரிசெல்வி அக்கா மூலமாகத்தான் இது வரும். ஆனால் பைக்குள் ஒளிக்க மாட்டேன். கையில் கொடுப்பேன்.

மதிவதனி

அம்மா ஒரு வரி எழுதச் சொன்னாள்: முட்டிவலி பரவாயில்லையாம்.


பிள்ளைப்பாக்கம்
19.8.2024, திங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

மதியின் கடிதம் இன்று காலையில்தான் கைக்கு வந்தது. இதை மாரிசெல்வியிடமே கொடுத்து அனுப்புகிறேன். சாயங்காலம் ஹாஸ்டலில் இறங்கும்போது உங்கள் கையில் தருவாள்.

பயப்பட ஒன்றுமில்லை. ரப்பர் குழாய் புதிதாக இருக்கும்போது சூட்டிலும் அதிர்விலும் கொஞ்சம் அமுங்கும். முதல் சில நாட்களில் திருகு நகரத்தான் செய்யும். கிளாம்ப் மேலும் தப்பில்லை, குழாய் மேலும் தப்பில்லை.

இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் திறங்கள். சூட்டோடு தொட வேண்டாம். கால் திருப்பு இறுக்கினால் போதும். கோபமாக இறுக்கினால் பட்டை ரப்பரை வெட்டிவிடும். பிறகு பழைய கோட்டைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்துவிட்டுப் புதுக் கோடு போட வேண்டும். லைனில் அதுதான் விதி. பழையதும் புதியதும் சேர்ந்து கிடந்தால், இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

மதியிடம் இருக்கிற மார்க்கர் ரொம்பப் பழசு, எப்போது வேண்டுமானாலும் காய்ந்துவிடும். என்னிடம் புதிது ஒன்று இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அவருக்கும் வேலை இல்லை. நாங்கள் அங்கே வரட்டுமா, நீங்கள் காரை இங்கே கொண்டுவருகிறீர்களா? மதியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

இல்லையென்றால் எழுதவே வேண்டாம், காரை எடுத்துக்கொண்டு வந்தாலே போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருமுனைக்கு வந்து நிற்கிறேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வருமாமே. கேட்டால் நீங்கள்தான் என்று தெரிந்துகொள்வேன்.

உங்கள் மகள்
அன்பு